நாலு வயலின் சராசரி

ஓய்வு பெறும்போது அலுவலகப் பொருள்களைப் பட்டியல் போட்டு ஒப்படைக்க வேண்டும். மேசைச் சாவி, பீரோச் சாவி, கைப்பேசி, அடையாள அட்டை எல்லாவற்றையும் ஒப்படைத்து, நிலுவை ஏதுமில்லை என்று சான்றும் வாங்கிவிட்டேன். ஒன்று மட்டும் என்னிடமே தங்கிவிட்டது. ஒரு பெண்ணின் குரல். அது எந்தப் பட்டியலிலும் இல்லாததால் யாரும் திரும்பக் கேட்கவில்லை.

போன வாரம் ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்துவிட்டு தஞ்சாவூர் டாக்டர், "உங்க வயசுக்கு இது சராசரிதான் சார், பயப்படாதீங்க" என்றார். என் காதுக்குப் பின்னால் அந்தக் குரல் கேட்டது: "யாரை யாரோட சேர்த்து சார்?" திரும்பிப் பார்த்தேன். எடை பார்க்கும் இயந்திரம் மட்டும் நின்றுகொண்டிருந்தது. தொலைக்காட்சியில், டெல்டா மாவட்டங்களில் மழை சராசரியை ஒட்டியே பெய்திருக்கிறது என்று வாசித்தாலும் அதே குரல்தான். "யாரு வீட்டு மேல சார்?"

"என்ன தனியா முணுமுணுக்கிறீங்க?" என்று என் மனைவி கேட்பாள்.

"ஒண்ணுமில்ல. ஆபீஸ் ஞாபகம்."

"ரிட்டையர் ஆகியும் விடல பாருங்க" என்பாள். அவள் சொல்வது சரி. விடவில்லை.

அந்தக் குரலுக்குரிய அம்மா எங்கள் அலுவலகத்தில் புள்ளியியல் ஆய்வாளராக இருந்தார். நான் அவருக்கு மேலதிகாரி. எங்கள் வேலையைப் பற்றிச் சொன்னால்தான் அவரைப் பற்றிச் சொல்ல முடியும்.

ஒரு கிராமத்தில் எவ்வளவு நெல் விளைந்தது என்பதை அரசாங்கம் எப்படித் தெரிந்துகொள்கிறது என்று பலருக்குத் தெரியாது. தெரிந்தால் கொஞ்சம் அதிர்ச்சியடைவார்கள். கிராமத்துக்கு நாலு வயல். எந்த நாலு என்பதைக் கணினி குலுக்கிப் போடும். அந்த வயலின் தென்மேற்கு மூலையில் நின்று, சீட்டில் உள்ளபடி நீளவாக்கில் இத்தனை எட்டு, அகலவாக்கில் இத்தனை எட்டு நடந்து, நிற்கிற இடத்தில் முளைக்குச்சி அடிக்க வேண்டும். அதிலிருந்து கயிறு பிடித்து ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் ஒரு சதுரம். அதற்குள் இருக்கும் கதிரை மட்டும் அறுத்து, அங்கேயே அடித்து, தூற்றி, எடை போட வேண்டும். நாலு எடையையும் கூட்டி நாலால் வகுத்தால் அந்த ஊரின் சராசரி. பயிர் அழிந்த வருஷத்தில் காப்பீட்டுத் தொகை வருமா வராதா என்பதை அந்த ஒரே எண்தான் சொல்லும். எண் வரம்புக்குக் கீழே இருந்தால், காப்பீடு செய்த ஊர் மொத்தத்துக்கும் வரும். மேலே இருந்தால், தன் வயலில் ஒரு மணி நெல்கூட மிஞ்சாதவருக்கும் வராது.

சதுரத்தில் ஒரு கிலோ கூடினால் எக்டேருக்கு நானூறு கிலோ கூடியதாக அர்த்தம். இதை எல்லாப் பயிற்சி வகுப்பிலும் நான் சொல்லியிருக்கிறேன். கேட்டவர்கள் குறித்துக்கொண்டிருக்கிறார்கள்.

அந்த அம்மா கயிற்றை இடுப்பில் சுற்றிக்கொண்டு வருவார். வரப்பில் இறங்கியதும் செருப்பு கைக்குப் போய்விடும். குடை இல்லாமல் வரமாட்டார். ஆனால் பிடிக்க மாட்டார். வயல்காரர் வீட்டில் வயதானவர் யாராவது வெயிலில் நின்றால் அவர் கையில் கொடுத்துவிடுவார். எட்டுகளை வாய்விட்டு எண்ணுவார். எண்ணிக்கை முடிந்து நிற்கும் இடம் பயிரில்லாத சேறாக இருந்தாலும், அங்கேதான் குச்சி அடிப்பார். இரண்டு எட்டு தள்ளி நல்ல பயிர் நிற்கும். தள்ளி அடிக்கச் சொல்ல நாலு பேர் இருப்பார்கள். "சீட்டு என் காலை இங்கதான் நிறுத்திச்சு" என்பார். அதற்கு மேல் பேச்சில்லை.

மாதாந்திர ஆய்வுக் கூட்டத்தில் மற்ற ஆய்வாளர்கள் எழுந்து சராசரியைச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள். இவர் சொல்லிவிட்டு நின்றுகொண்டே இருப்பார்.

"அவ்வளவுதானம்மா, உட்காருங்க" என்பார் மாவட்ட அதிகாரி.

"இதுல மூணாவது வயல்காரருக்கு ஒண்ணுமே இல்லைங்க சார். வாய்க்கால் உடைஞ்சு மண்ணு ஏறிப்போச்சு. அவர் பேரு…"

"பேரெல்லாம் எதுக்கு? சராசரி சொன்னாப் போதும்."

"அது சொல்லிட்டேன் சார். அதுக்குள்ள யாரு இருக்காங்கன்னு சொல்றேன்."

பேரைச் சொல்லிவிட்டுத்தான் உட்காருவார். அவருடைய ஆண்டு மதிப்பீட்டில் நான் இப்படி எழுதினேன்: "பணியில் தேர்ந்தவர். விவரம் சற்று அதிகம்." அப்போது அதை நகைச்சுவை என்று நினைத்தேன்.

எங்கள் ஜீப் டிரைவர் ஒருநாள் அரசியல் பேச்சு வளர்ந்து, "நம்மள மாதிரி சராசரி ஆளுக்கு எதுக்கும்மா இதெல்லாம்?" என்றார்.

"நீங்கதானா அது?" என்றார் அந்த அம்மா. "முப்பது வருஷமா அந்த ஆளத்தான் தேடிக்கிட்டிருக்கேன். ஊர் ஊராப் போயும் கிடைக்கல. வண்டியை நிறுத்துங்க, ஒரு போட்டோ எடுத்துக்கறேன்."

டிரைவர் சிரித்துக்கொண்டே நிறுத்தியும் விட்டார். அந்த அம்மா படம் எடுத்தும் விட்டார்.

ஒரு சமயம், கோப்புகளில் கூடியவரை தமிழ்ச் சொற்களையே பயன்படுத்த வேண்டும் என்று சுற்றறிக்கை வந்தது. எங்கள் கண்காணிப்பாளர் உற்சாகமாகிவிட்டார். 'ஆவரேஜ்' என்று இருந்த இடத்திலெல்லாம் 'சராசரி' என்று திருத்தினார். "எவ்வளவு அழகான தமிழ் பாருங்க. இந்தப் பக்கமும் சரி, அந்தப் பக்கமும் சரி. ரெண்டு சரி சேர்ந்தா சராசரி" என்று விளக்கமும் கொடுத்தார்.

"அது பாரசீகம் சார்" என்றார் அந்த அம்மா, எண்களிலிருந்து தலை நிமிராமல்.

"என்னம்மா சொல்றீங்க?"

"பசலி, கிஸ்தி, ஜமாபந்தின்னு வரிக்கணக்கு வார்த்தையெல்லாம் வந்த வண்டியிலதான் இதுவும் வந்துச்சு. சர்னா தலை. சர்தார்ல இருக்கே, அந்த சர். சராசர்னா இந்தத் தலையிலேர்ந்து அந்தத் தலை வரைக்கும். அந்தக் காலத்துல நிலவரி போடுறவங்க ஒவ்வொரு வயலா இறங்கிப் பாக்காம, ஊரை ஒரு ஓரத்துலேர்ந்து மறு ஓரம் வரைக்கும் கண்ணோட்டமாப் பாத்து ஒரு மதிப்புப் போடுவாங்க. அதுக்குப் பேரு சராசரி. இறங்காமப் பாக்கறதுன்னு வச்சுக்குங்க."

கண்காணிப்பாளர் அகராதியை எடுத்துப் பார்த்தார். பிறகு அந்த அகராதியை எங்கோ வைத்துவிட்டார். அது கடைசிவரை கிடைக்கவில்லை. சொல் கோப்பில் அப்படியே இருந்தது. ஜமாபந்தியையே ஒன்றும் செய்ய முடியாதபோது சராசரியை மட்டும் எங்கே அனுப்புவது?

ஆங்கிலச் சொல்லுக்கும் அவரிடம் ஒரு கதை இருந்தது. நாகப்பட்டினத்தில் வேலை பார்த்தபோது பக்கத்து வீட்டில் ஒரு மரைக்காயர் இருந்தாராம். பல தலைமுறையாகக் கடல் வாணிகம் செய்த குடும்பம். அவர் சொன்னதாம் இது. கப்பல் புயலில் மாட்டினால் பாரத்தைக் குறைக்கச் சரக்கைக் கடலில் தள்ளுவார்கள். கையில் அகப்படுகிற மூட்டை போகும். அது யாருடையது என்று பார்க்க நேரமிருக்காது. கரைக்கு வந்ததும், மூட்டை இழந்தவர் மட்டும் அழக் கூடாது என்று, சரக்கு ஏற்றிய எல்லோரும் அந்த நட்டத்தைப் பங்கு போட்டுக்கொள்வார்கள். சேதப்பட்ட சரக்குக்கு அரபியில் 'அவார்' என்று பெயர். அதுதான் துறைமுகம் துறைமுகமாகப் போய் ஐரோப்பாவில் ஏறி 'ஆவரேஜ்' ஆயிற்று.

"ஒருத்தன் நட்டத்தை எல்லாரும் சுமக்கறதுக்கு வந்த வார்த்தை சார் அது" என்றார். "நம்ம கையில வந்ததும், ஒருத்தனுக்கும் நட்டமில்லைன்னு சொல்றதுக்கு ஆயிடுச்சு."

நான் அப்போது ஒரு படிவத்தின் மூன்று பிரதிகளில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். "நல்லா இருக்கும்மா" என்றேன்.

நாகப்பட்டினத்தில் அவர் இருந்தது சுனாமி வந்த வருஷம். அதைப் பற்றிப் பேசமாட்டார். ஒரே ஒருமுறை பேசினார். அதுவும் நான் கேட்காமல், சாப்பாட்டு நேரத்தில், டப்பாவைத் திறந்துகொண்டே. "ஒரு வீட்ல ஆறு பேரும் போயிட்டாங்க சார். பக்கத்து வீட்ல எல்லாரும் வெளியூர்ல கல்யாணத்துக்குப் போயிருந்தாங்க. ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகல. வீட்டுக்குச் சராசரி எத்தனை உயிருன்னு ஒரு ஃபாரத்துல கேட்டிருந்தாங்க. அந்த ரெண்டு வீட்டுக்கும் நான்தான் எழுதினேன். மூணுன்னு."

பிறகு சாப்பிட்டார். நான் சாப்பிடவில்லை.

அவர் ஏன் ஒவ்வொரு கூட்டத்திலும் பேர் சொல்லிவிட்டு உட்கார்ந்தார் என்பது அன்றைக்கு எனக்கு விளங்கியது. அதற்குப் பிறகும் மதிப்பீட்டில் அதே வரியைத்தான் எழுதினேன். போன வருஷத்து வரியைப் பார்த்து எழுதுவதுதான் வழக்கம்.

நான் ஓய்வு பெறுவதற்கு ஏழு மாதம் இருந்தது. அந்தத் தை மாதம், அறுக்க வேண்டிய நேரத்தில், நாலு நாள் விடாமல் மழை. குத்தாலத்துக்குக் கிழக்கே கடைமடையில் ஒரு கிராமம்; பெயர் வேண்டாம். தண்ணீர் வடிந்தபோது கதிர்கள் படுத்துக் கிடந்தன. சில இடங்களில் நெல் கதிரிலேயே முளைவிட்டிருந்தது. அந்த ஊருக்குக் கணினி குலுக்கிய நாலு வயலில் ஒன்று அஞ்சம்மாள் என்கிற பெண்ணுடையது.

அஞ்சம்மாளின் வீட்டார் இரண்டு தலைமுறையாக மற்றவர்கள் வயலில் நட்டுக் களை பறித்தவர்கள். மகன் வெளிநாட்டில் கட்டட வேலைக்குப் போய் வாங்கிக்கொடுத்த முக்கால் ஏக்கர் அது. அவர்கள் பெயரில் பட்டா வந்த முதல் நிலம். சில அறுவடைப் பரிசோதனைகளுக்கு மேலதிகாரி நேரில் போக வேண்டும் என்று விதி இருக்கிறது. அதனால் நானும் போயிருந்தேன்.

அஞ்சம்மாள் வரப்பில் துண்டு விரித்து, பிஸ்கட்டும் சோடாவும் வாங்கி வைத்திருந்தார். "எங்க வயலுக்கு ஆபீசருங்க வரது இதான் மொதத் தடவைங்க. உக்காருங்கய்யா" என்றார். பயிர் போன துக்கம் ஒரு பக்கம் இருந்தாலும், முகத்தில் கல்யாண வீட்டுக் களை.

பக்கத்து வயல்காரர் தன் ஆட்கள் மூன்று பேரோடு வந்து நின்றார். அவர் வயலும் அதே தண்ணீரில்தான் படுத்திருந்தது. ஆனால் அவர் வேடிக்கை பார்க்க வந்தவர்.

"சார், இந்த வயல்ல நெல்லு தேட தூண்டில் எதுவும் கொண்டாந்தீங்களா?" என்றார். ஆட்கள் சிரித்தார்கள். "நடவாளுக்கு நடத்தான் தெரியும். பயிர் வைக்கிறதுன்னா வேற."

அந்த அம்மா எட்டுகளை எண்ணி, குச்சி அடித்து, கயிறு பிடித்தார். நான் நீளத்தைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டேன். சதுரத்துக்குள் இருந்ததை அறுத்து, தார்ப்பாய் விரித்து அடித்தார்கள். விழுந்த நெல் தார்ப்பாயின் ஒரு மூலைக்குக்கூடக் காணவில்லை. நிறைய பதர். நல்ல நெல் இரண்டரை கிலோ தேறினால் அதிகம்.

"அட, இவ்ளோதானா?" என்றார் பக்கத்து வயல்காரர். "இதுக்கு எதுக்கு தராசு? டீ கிளாஸ்ல அளந்துட்டுப் போயிடலாமே."

அஞ்சம்மாளின் முகம் அப்போதுதான் மாறியது. "மொறம் எடுத்துட்டு வந்துடறேங்க" என்று சொல்லிவிட்டு வீட்டுப் பக்கம் ஓடினார்.

தார்ப்பாயின் ஓரத்தில் ஏற்கெனவே ஒரு முறம் கிடந்தது. நான் அதைப் பார்த்தேன்.

திரும்பி வரும்போது அவர் இடுப்பில் வைத்திருந்த முறத்தின் மேல் ஒரு துண்டு போர்த்தியிருந்தது. உடம்பு ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. எங்களுக்கு முதுகைக் காட்டிக் காற்றுக்கு எதிரே உட்கார்ந்து புடைக்கத் தொடங்கினார். நெல்லைப் புடைத்தால் பதர் பறந்து குவியல் குறையும். அன்றைக்குக் குவியல் வளர்ந்தது.

காப்பீட்டு நிறுவனத்திலிருந்து வந்திருந்தவர் வயலில் இறங்காமல், கைப்பேசியை உயர்த்தி சிக்னல் தேடிக்கொண்டிருந்தார். அந்த அம்மா குவியலில் கைவிட்டு ஒரு பிடி எடுத்து உள்ளங்கையில் விரித்தார். நனைந்து கறுத்த புது நெல்லுக்கு நடுவில், போன வருஷத்து நெல், விதைக்கென்று வைத்திருந்ததாக இருக்க வேண்டும், காய்ந்து பொன்னாகக் கிடந்தது. கண் உள்ள எவருக்கும் தெரியும். அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். ஒன்றரை மணி. குத்தாலத்தில் சாப்பாட்டுக்குச் சொல்லியிருந்தோம்.

"எடை போடலாமா அஞ்சம்மா?" என்றார் அந்த அம்மா. குரல் மிகவும் மெதுவாக இருந்தது. "எதாச்சும் எடுக்கணும்னா எடுத்துட்டுப் போடலாம். அவசரமில்ல."

அஞ்சம்மாள் வரப்பில் நின்ற நாலு பேரையும் ஒருமுறை பார்த்தார். "எடுக்க ஒண்ணுமில்லைங்கம்மா. எங்க வயல்ல வெளஞ்சதுதான்."

பொய் இல்லை. போன வருஷம் விளைந்தது.

தராசு ஆறரை கிலோ காட்டியது. அஞ்சம்மாள் தராசைப் பார்க்கவில்லை. பக்கத்து வயல்காரரைப் பார்த்தார். அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போனார். எடையைப் படமெடுத்துச் செயலியில் ஏற்றியாயிற்று. ஏறிய பிறகு வயலில் நிற்கிற யாரும் அதை மாற்ற முடியாது.

ஜீப்பில் வரும்போது அவர் சொன்னார்: "சார், நீங்களும் பார்த்தீங்க."

"எதை?" என்றேன்.

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மற்ற மூன்று வயல்களின் எடையும் வந்தது. கூட்டி நாலால் வகுத்தால், ஊர் வரம்புக்கு மேலே. அஞ்சம்மாளின் வயலில் உண்மை எடை மட்டும் இருந்திருந்தால் ஊர் வரம்புக்கு நன்றாகக் கீழே இருக்கும். ஒரு முறம் நெல் அந்த ஊர் முழுக்க விளைந்ததாகக் கணக்கில் பரவிவிட்டது.

மறுநாள் காலை அவர் என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினார். அதுவரை அவர் கதவைச் சாத்தியதில்லை.

"அந்த ஒரு வயலை ரத்து பண்ணுங்க சார். திரும்ப வெட்டிடறேன். மிச்சப் பயிர் இன்னும் அறுக்காமதான் கெடக்கு."

"காரணம் எழுதிக் கொடுங்க."

"எழுத மாட்டேன்."

"காரணமில்லாம எந்த விதியில ரத்து பண்றது?"

"எழுதினா கலப்படம்னு அஞ்சம்மா மேல கேஸ் போகும். அது போகட்டும் சார். இவளாலதான் போச்சுன்னு ஊரு சொல்லும். அதுக்கப்புறம் அவங்க அந்த ஊர்ல தண்ணி குடிக்க முடியுமா?"

"அப்ப விட்டுடுங்க."

"விட்டா ஊருக்கே வராது. அவங்களுக்கும் சேர்த்துத்தான் வராது." என் மேசையிலிருந்து ஒரு வெள்ளைத்தாளை எடுத்தார். "என் மேல தப்புன்னு எழுதித் தரேன். கயிறு ஆறு மீட்டர் பிடிச்சிட்டேன். கவனக்குறைவு. என் மேல நடவடிக்கை எடுங்க."

இந்த இடத்தை எத்தனையோ விதமாக எழுதிப் பார்த்துவிட்டேன். எப்படி எழுதினாலும் இதுதான் வருகிறது: அவர் சொன்ன வழி சரியான வழி. அளவுப் பிழைக்கு ரத்து செய்யலாம். ஒரு தாள், ஒரு கையெழுத்து, செயலியில் ஒரு கட்டம். மூன்று நாளில் மறு அறுவடை. இதற்கான உத்தரவின் எண்ணும் நாளும் எனக்கு மனப்பாடம். ஆனால் கயிற்றைச் சரிபார்த்தேன் என்று கையெழுத்துப் போட்டவன் நான். அவர் அளவு தப்பென்றால் என் சரிபார்ப்பும் தப்பு. விசாரணை முடியாமல் ஓய்வூதியக் கோப்பு நகராது. எனக்கு ஏழு மாதம்.

"கயிறு சரியா இருந்துதும்மா. நானே அளந்தேன்" என்றேன்.

அவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இருந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். கூட்டத்தில் மூன்றாவது வயல்காரரின் பேரைச் சொல்வாரே, அப்போது இருக்கும் முகம்தான். நானும் அவர் பட்டியலில் ஒரு பேராகிவிட்டேன் என்று தோன்றியது.

"சரிங்க சார்" என்றார். கதவைத் திறந்து வைத்துவிட்டுப் போனார்.

காப்பீட்டுத் தொகை பெறும் ஊர்களின் பட்டியல் வந்தபோது அந்த ஊர் அதில் இல்லை. அடுத்த கூட்டத்தில் அவர் எழுந்து சராசரியைச் சொன்னார். உட்கார்ந்துவிட்டார். மாவட்ட அதிகாரி பழக்கதோஷத்தில் கையை உயர்த்தி, பிறகு இறக்கினார். "இப்பத்தாம்மா சுருக்கமாச் சொல்றீங்க" என்று பாராட்டவும் செய்தார். அதற்குப் பிறகு எந்தக் கூட்டத்திலும் அவர் ஒரு பேரும் சொல்லவில்லை.

எனக்கு அடுத்த வருஷம், பணிக்காலம் மீதமிருக்கும்போதே அவரும் விருப்ப ஓய்வில் போய்விட்டார். திருவையாற்றில் தம்பி வீட்டோடு இருந்தார். போன கார்த்திகையில் இறந்துபோனார். துக்கம் கேட்கப் போயிருந்தேன். தம்பி என்னை வாசல்வரை கொண்டுவந்து விட்டபோது தயங்கித் தயங்கிக் கேட்டார்: "சார், ஆபீஸ்ல எதாச்சும் பிரச்சினையா அக்காவுக்கு? கேட்டா சொல்ல மாட்டாங்க. வீட்ல யாராச்சும் முறத்துல அரிசி புடைச்சா எழுந்து போயிடுவாங்க. அந்தச் சத்தம் மட்டும் ஆகாது. அவங்க இருந்த வரைக்கும் நாங்க கடையில கல் பொறுக்கின அரிசிதான் வாங்கினோம்."

"பிரச்சினை ஒண்ணுமில்லைங்க. நல்ல ஆபீசர்" என்றேன்.

ஒன்றை மட்டும் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்திருக்கிறேன். அதையும் சொல்லிவிடுகிறேன்.

நான் ஓய்வு பெற ஒரு மாதம் இருந்தபோது அஞ்சம்மாள் எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். அந்த அம்மாவின் மேசை என் அறைக்கு நேர் எதிரே. கதவு திறந்திருந்தது.

"ஊருக்கு ஏன் வரலன்னு எல்லாரும் பேசிக்கிறாங்கம்மா. சுத்துப்பட்டு ஊருக்கெல்லாம் வந்துடுச்சு. உங்களத் தெரியும்னு என்னையப் போயி கேட்டுட்டு வரச் சொன்னாங்க."

"சராசரி கூடிப்போச்சு அஞ்சம்மா."

"அப்படின்னா என்னாங்க?"

"நாலு வயல் நெல்லையும் ஒண்ணாக் கொட்டி, நாலு பேருக்கும் சமமாப் பிரிச்சா ஆளுக்கு எவ்வளவு வருமோ, அது."

"பிரிச்சுக் குடுப்பாங்களா?"

"குடுக்க மாட்டாங்க. கணக்குக்கு மட்டும்தான்."

"குடுக்காததுக்கு எதுக்கும்மா பிரிக்கிறாங்க?" என்று அஞ்சம்மாள் சிரித்தார். பிறகு யோசித்துவிட்டுக் கேட்டார்: "நம்மூர்ல எல்லாந்தானே படுத்துக் கெடந்துச்சு? கூடுற அளவுக்கு யாரு வயல்ல வெளஞ்சுச்சு?"

என் பேனா நின்றுவிட்டது. முப்பது வருஷமாக எல்லோரையும் அந்த அம்மா கேட்ட கேள்வி அது. அவரை யாரும் கேட்டதில்லை.

"யாருன்னு இல்லம்மா" என்றார் அவர். "அது சராசரி. அதுல ஆளு கிடையாது."

அஞ்சம்மாள் தலையாட்டினார். புரிந்ததா என்று தெரியவில்லை. பையிலிருந்து ஒரு வெள்ளைத்தாளை, மடங்காமல் இருக்க அட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்ததை, எடுத்து மேசையில் வைத்தார்.

"இன்னொரு விசயம்மா. பக்கத்து வயல்காரரு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியறாரு. நாங்க வெள்ளாமையே வைக்கத் தெரியாம வச்சு, அதான் ஊரு கெட்டுச்சுன்னு. நீங்கதானே எடை போட்டீங்க? ஆறரை கிலோ வந்துச்சுல்ல? அத இதுல எழுதிக் குடுத்தீங்கன்னா போதும். மவன் வரப்ப காட்டுவேன். செவுத்துல மாட்டி வைப்பேன்."

அந்த அம்மா தாளை எடுத்தார். புல எண், பயிர், நாள், ஆறு கிலோ ஐந்நூறு கிராம், எல்லாவற்றையும் அவருடைய உருண்டை எழுத்தில் எழுதினார். அடியில் கையெழுத்துப் போட்டார். எழுந்து வந்து தாளை என் முன்னால் வைத்தார்.

"சார், சீல்" என்றார்.

அப்படி ஒரு சான்று வழங்க எந்த விதியும் இல்லை. விவசாயி ஒருவருக்குப் பரிசோதனை எடையை எழுதிக் கொடுக்கக் கூடாது என்றே தெளிவாக ஓர் உத்தரவு இருக்கிறது. எனக்கு அது நன்றாகத் தெரியும். அஞ்சம்மாள் வாசலில் நின்று என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

முத்திரையை நான்தான் குத்தினேன். ஒரு ஓரம் மங்கலாக இருக்கிறது என்று அஞ்சம்மாள் சொன்னதால், மையை நன்றாகத் தொட்டு இன்னொரு முறையும்.